கரை வைத்த கிழங்குப் பை

உருளைக்கிழங்குக்குச் சட்டை தைத்துப் போட்ட வீடு ஆரணியில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். பட்டுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு துணி வேலையும் நடந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சட்டை என்று சொன்னது என் மனைவி. உண்மையில் அது ஒரு பை. இரண்டு பக்கமும் பருத்தித் துணி, நடுவில் பஞ்சு, தலையணை உறைக்கு இருப்பதுபோல வாயை மூட ஒரு மடிப்பு. கிழங்கைக் கழுவி ஈரத்தோடு உள்ளே போட்டு, மைக்ரோவேவ் ஓவனில் நான்கு நிமிடம் வைத்தால் வெந்துவிடும். ஆவி வெளியே போகாது என்பதால் தோல் விரலால் தள்ளினாலே கழன்று வரும். கத்தி வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். இந்த மூன்றும் வேண்டாம் என்பதற்காகத்தான் என் அக்கா அதைத் தைத்தாள்.

அக்கா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் நர்ஸ்களுக்கான விடுதியிலேயே இருந்தாள். அங்கே மணி அடித்தால் காபி, மணி அடித்தால் சோறு. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற உரிமைகூட யாருக்கும் கிடையாது. ஓய்வு பெற்றதும் ஆரணிக்கு வந்து, அப்பா கட்டிய வீட்டின் பின்பக்கத்தில் தனக்கென்று ஓர் அறையும் சமையலறையும் தனி வாசலும் வைத்துக் கட்டிக்கொண்டாள். குடிவந்த அன்றே என் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"நீ தப்பா எடுத்துக்காதே. மணி அடிச்சி சாப்பிட்டது போதும். இனிமே எனக்குப் பசிக்கிறப்ப, எனக்குப் புடிச்சத, என் கையால ஆக்கித் துன்னணும். வேற ஒண்ணும் வேணாம்."

என் மனைவி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தெரு எடுத்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் சண்டை என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு இருவரும் சேர்ந்து போவதைப் பார்த்த பிறகும் சிலருக்குச் சந்தேகம் தீரவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று விட்டுவிட்டோம்.

அப்படிச் சில வருஷம் நன்றாகவே போயிற்று. அக்கா காலை பதினோரு மணிக்கு உப்புமா கிண்டுவாள். மாலை நான்குக்குக் கேழ்வரகு அடை சுடுவாள். சில நாள் ராத்திரி வெறும் முட்டை. இப்படிக் கண்ட நேரத்தில் தின்றால் உடம்பு என்னாகும் என்று நான் கேட்டால், "உடம்பைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்பாள். அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அவளுக்கு நடுக்கவாதம் வந்தது. இடது கை சும்மா இருக்கும்போது நடுங்கும். எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும், ஆனால் கை மெதுவாகத்தான் போகும். வேலூரில் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தாள். ஒருநாள் பருப்பு வேகவைத்த தண்ணீரை வடிக்கும்போது பாத்திரம் நழுவிக் காலில் கொட்டிவிட்டது. பாதம் முழுக்கக் கொப்புளம். அன்று என் மனைவி பின்பக்கத்து கேஸ் சிலிண்டரைக் கழற்றி முன்பக்கம் உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அக்காவுக்கு அது பட்டினிக்குச் சமம். சாப்பாடு இல்லாமல் அல்ல, வேளாவேளைக்கு என் மனைவி தட்டில் போட்டுப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். என் மனைவி நன்றாகச் சமைப்பாள், அது அவளுக்கே தெரியும். அக்கா அதைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுப்பாள். முகத்தில் ஒரு களையும் இருக்காது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற நோயாளி மாதிரி இருந்தாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இதைக் கேள்விப்பட்டு ஓவன் ஒன்றை அனுப்பி வைத்தாள். தீ இல்லை, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குகிற வேலையும் இல்லை என்று அத்தைக்குப் போனில் விளக்கினாள். வந்த வாரமே ஓரத்தில் தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டு ஒன்றை அக்கா உள்ளே வைக்க, அது படபடவென்று பொறி பறக்கவிட்டது. அன்றிலிருந்து வெள்ளி, தங்கம், ஸ்டீல் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது வீட்டில் சட்டமாயிற்று.

கிழங்குப் பையை அக்கா செல்போனில் பார்த்தாள். யாரோ வெளிநாட்டுப் பெண் தைத்துக் காட்டுகிறாள். துணி, பஞ்சு, நூல் மூன்றும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், கலப்பு இருந்தால் உருகும் என்பதை மட்டும் அக்கா நன்றாகப் பிடித்துக்கொண்டாள். பஞ்சுக்கு அவளுக்குக் கஷ்டமில்லை. மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்குக் கட்டுகிற பஞ்சுச் சுருள் வாங்கினாள். துணிக்குத்தான் அலைச்சல். தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லாத ஊரில், கலப்பில்லாத பருத்தித் துணி ஒரு முழம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கடைத்தெருவில் நானும் கூடப் போனேன். கடைக்காரர் "பியூர் காட்டன்" என்று எடுத்துப் போடுவார். அக்கா ஒரு நூலை உருவி என்னிடம் கொடுத்து, "கொளுத்து" என்பாள். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கலப்பு என்றால் உருகி நுனியில் கறுப்பாகக் குண்டு கட்டும். மூன்று கடையில் குண்டுதான் கட்டியது.

"சிஸ்டரம்மா, கடை முழுக்கத் துணிங்க. நீங்க பாட்டுக்குக் கொளுத்திகினு இருந்தா என் பொழப்பு இன்னாங்க ஆவறது?" என்றார் மூன்றாவது கடைக்காரர்.

"நீ பொய் சொல்லிகினு இருந்தா நான் கொளுத்திகினுதான் இருப்பேன்" என்றாள் அக்கா.

கடைசியில் கண்ணமங்கலத்தில் ஒரு சின்னக் கடையில் நல்ல வெள்ளைத் துணி கிடைத்தது. மிஷினில் உட்கார்ந்து, நாளுக்குக் கொஞ்சமாக அவளே தைத்தாள். தையல் ரயில் தண்டவாளம் போல நேராக இல்லை, அது வேறு விஷயம். முதல் கிழங்கு வெந்து வந்ததும் தோலை உரித்து, உப்பும் மிளகும் தூவி, நெய் ஒரு சொட்டு விட்டு, நின்றபடியே தின்றாள். கிழங்கு சூடு ஆறும்வரைகூட அவளுக்குப் பொறுமையில்லை.

அதன்பின் பைக்குள் சர்க்கரைவள்ளி வெந்தது, மக்காச்சோளம் வெந்தது, பெரும்பாலும் உருளைதான் வெந்தது. என் மனைவியால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உருளைக்கிழங்கு தொட்டுக்கொள்கிற பொருள், அதையே சாப்பாடு என்றால் எப்படி என்பது அவள் கட்சி. பையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவள், என்னிடம் தனியாக வந்து முகத்தைச் சுளித்தாள்.

"கட்டம் கட்டமாத் தச்சி வெள்ள வெளேர்னு இருக்குது. சவப்பெட்டிக்குள்ள விரிக்கிறது மாதிரியே இருக்குதுங்க. கரை இல்லாத துணிய யாராச்சும் வீட்ல வச்சிப் பொழங்குவாங்களா?"

அவள் பிறந்த வீடு பட்டுச்சேலை வியாபாரம் செய்கிற குடும்பம். கரையில்லாத துணி அவளுக்குத் துணியே அல்ல. பிறந்த குழந்தையைச் சுற்றுகிற துணிக்குக்கூட ஒரு வண்ணக் கோடாவது இருக்க வேண்டும். வெறும் வெள்ளையை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள். செத்தவர்களுக்கு மட்டும்தான் அப்படிக் கொடுப்பது. கிழங்குக்கும் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேலி செய்தேன். அதோடு மறந்தும் போனேன்.

ஆறேழு மாதத்தில் பை பழுப்பேறித் தையல் விட்டது. அதற்குள் அக்காவின் கை இன்னும் மெதுவாகிவிட்டது. ஊசியில் நூல் கோப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடும். யாரிடமும் எதையும் கேட்காதவள், ஒருநாள் மீதித் துணியையும் பஞ்சையும் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்து, "எனக்கு ஒண்ணு தச்சிக் குடேன்" என்றாள். என் மனைவி தைத்துக் கிறிஸ்துமஸ் அன்று பரிசாகக் கொடுத்தாள். அப்போது நான் கேக் வாங்கப் போயிருந்தேன். புதுப் பையை நான் பார்க்கவில்லை. அக்கா அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பழைய பை கிழிந்து பஞ்சு வெளியே வரும்வரை அதிலேயே ஓட்டினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த சமயம். நான் போளூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் பஸ்ஸில்தான் போய் வருவது. அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே தீய்ந்த நாற்றம் அடித்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஓவனின் உள்ளே கரி. கீழே வாளித் தண்ணீரில் ஏதோ கறுப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

அக்காதான் பதில் சொன்னாள். "நாலு நிமிஷத்துக்குப் பதிலா நாப்பது அழுத்திட்டேன் போல இருக்குதுடா. மறதி. நல்லவேள, இவ ஓடியாந்து சுவிட்ச அணைச்சா."

என் மனைவி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. பிறகு குனிந்து துடைக்க ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கை போனதைச் சமாளிக்கலாம், மறதியை எப்படிச் சமாளிப்பது? மகளுக்குப் போன் போட்டோம். "அப்பா, அத்தைய இனிமே தனியா ஆக்க விடாதீங்க" என்றாள். நானும் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, இன்றைக்குப் பை, நாளைக்கு வீடு என்கிற ரீதியில் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். ஓவனைத் தூக்கி முன்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். இனிமேல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்றேன். தட்டைப் பின்னால் அனுப்புவதும் இனி இல்லை, அவள் மாத்திரை போடுகிறாளா என்று நேரில் பார்க்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி" என்றாள். அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து ஒரு மணிக்கும் எட்டு மணிக்கும் அக்கா முன்பக்கம் வந்தாள். கூப்பிட்டால்தான் வருவாள். போட்டதைத் தின்பாள். எப்படி இருக்கிறது என்றால் "நல்லா இருக்குது" என்பாள். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்கமாட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை நாள் இதற்காகவா இவ்வளவு பேஜார் பட்டோம் என்றுகூட நினைத்தேன்.

நிம்மதி இல்லாமல் போனது என் மனைவிக்கு. குழம்பில் உப்பு தூக்கலாகியது, சாதம் அடிபிடித்தது. கேட்டால் எரிந்து விழுந்தாள். அக்காவுக்கென்று தினம் ஒன்று விசேஷமாகச் செய்தாள். வடை, அதிரசம், மீன் வறுவல். அக்கா எல்லாவற்றையும் ஒரே மாதிரி தின்றாள். அவள் தின்பதை என் மனைவி பார்த்துக்கொண்டே இருப்பாள், தன் தட்டில் கை வைக்கமாட்டாள். நாத்தனார் வந்து நடுவில் உட்கார்ந்தது பிடிக்கவில்லை என்று நான் கணக்குப் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இப்படித்தான் கணக்குப் போடுகிறேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அம்மாள் கூடவே வீட்டுக்கு வந்தார். காபி வந்தது. அக்காவும் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்.

"நான் யாருன்னு தெரியுதுங்களா சிஸ்டரம்மா? எல்லாம் மறந்து போவுதாமே உங்களுக்கு? தெருவுல எல்லாரும் சொல்லிகினு இருக்காங்க. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுங்க."

அக்கா சிரித்தாள். "ஆமாம்மா. வயசாச்சில்ல."

என் மனைவி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு நிமிஷந்தான் வச்சாங்க. நான் தச்ச பையாலதான் பத்திகிச்சி. அந்தப் பைக்கு நான் ஜரிகைக் கரை வச்சித் தச்சேன்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. என் மனைவி விளக்கினாள். வெறும் வெள்ளையாகக் கொடுக்க மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் பரிசு வேறு. மீந்துபோன சேலைத் துண்டிலிருந்து விரல் அகலத்துக்குக் கரையை வெட்டிச் சுற்றித் தைத்திருக்கிறாள். அதிலும் யோசித்துத்தான் செய்திருக்கிறாள். நல்ல ஜரிகை என்றால் வெள்ளி இருக்கும், ஓவனுக்கு ஆகாது. மலிவு ஜரிகை வெறும் பிளாஸ்டிக், வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது, வியாபாரி மகளுக்கு இது தெரியாதா? அதனால் இருப்பதிலேயே மட்டமான ஜரிகையாகத் தேடி எடுத்திருக்கிறாள். கலப்பு உருகும் என்பதெல்லாம் துணிக்கும் பஞ்சுக்கும்தான், விரல் அகலக் கரைக்கு இல்லை என்று நினைத்துவிட்டாள். பிளாஸ்டிக்குக்கு அந்த மினுக்கைக் கொடுப்பதே மேலே ஒட்டியிருக்கிற உலோகப் பூச்சுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை, வெள்ளி இல்லை என்று அவள் சொன்னதை நம்பிய அக்காவுக்கும் தோன்றவில்லை. உண்மையில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தோன்றியிருக்காது. வெள்ளி இல்லாததை உலோகமே இல்லாதது என்று நினைப்பதுதான் இங்கே பழக்கம்.

"கரை பூரா பொறி பறந்ததை ரெண்டு பேருமே பார்த்தோம். இவரு வந்து கேட்டதும் அக்கா முந்திக்கினு மறதின்னுட்டாங்க. எனக்கு வாய் அடைச்சிப் போச்சு. இன்னிக்கிச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ஊரே இவங்களப் புத்தி பேதலிச்சவங்கன்னு சொல்ற வரைக்கும் வந்துடுச்சி."

பட்டுச்சேலை வியாபாரியின் மகள், அதுவும் தெருவுக்கே ஒலிபரப்பு செய்கிற ஓர் ஆளிடம், ஜரிகையைப் பற்றித் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அந்த அம்மாள் காபியை முடிக்காமலே எழுந்து போனார்.

கதவு சாத்திய பிறகு என் மனைவி அக்காவிடம் கேட்டாள். குரல் கோபமாகத்தான் இருந்தது.

"உங்க சமையலையே பிடுங்கிக்கினோம். அப்பவும் ஏங்க்கா சொல்லல நீங்க?"

அக்காவின் இடது கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேந்து வெறும் வெள்ளப் பொடவதான் கட்டினேன். எனக்குன்னு ஒருத்தரும் கரை வச்சி எதுவும் குடுத்ததில்ல. நீ குடுத்தே. எடுத்துப் பொழங்க மனசு வராமத்தான் அலமாரியில வச்சிருந்தேன். அதைப் போயித் தப்புன்னு எப்டிம்மா சொல்றது? சொன்னா இனிமே நீ கரை வைக்கமாட்டே."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அந்த நிலைமையிலும், மறதி இல்லாவிட்டாலும் கை நடுக்கம் நடுக்கம்தானே, ஓவன் முன்பக்கமே இருந்தால் என்ன என்று மனதுக்குள் ஒரு குமாஸ்தா எழுந்து நின்றான். அவனை என் மனைவி பேசவிடவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தவள், ஓவனைக் காட்டி, "தூக்குங்க" என்றாள். தூக்கினேன்.

இந்த முறை அவள் சிவப்புப் பருத்தி நூலை வாங்கி, ஒரு முனையைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, அதிலேயே கையால் பின்னி ஒரு கரை வைத்தாள். மினுக்கு இல்லை. ஆனாலும் கரை. பை தயாரான மறுநாள் மத்தியானம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று, "ரெண்டு பேரும் இன்னிக்கி அங்க வந்து சாப்பிடுங்க" என்றாள். ஒரே சுவர்தான் நடுவில், ஆனால் இத்தனை வருஷத்தில் நாங்கள் அவள் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. எங்களிடமிருந்துதான் அங்கே போகும், அங்கிருந்து எதுவும் வந்ததில்லை. அவள் சமையலை நாங்கள் ஒரு சமையலாகவே நினைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

அக்கா எங்களை உட்காரச் சொன்னாள். உதவிக்கு எழுந்த என் மனைவியை, "உக்காரு, நீ விருந்தாளி" என்று அதட்டினாள். கிழங்கை எடுத்து மெதுவாகத் தோல் தள்ளி, பிட்டு, உப்பும் மிளகும் போட்டு, முதல் தட்டை அவளிடம்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது தட்டு ஆடியது. என் மனைவி அதைப் பிடிக்கக் கை நீட்டவில்லை, அது தன் முன்னால் வந்து சேரும்வரை இருந்தாள். பிறகு தின்றாள். சோறு இல்லாமல் சாப்பாடா என்று கேட்கிறவள், தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு இருக்குதாங்க்கா?"

"வேகணும்" என்றாள் அக்கா. "நாலு நிமிஷம் ஆவும்."

அவள் ஒரு கிழங்கைக் கழுவி, பையின் மடிப்பை விலக்கி, உள்ளே போட்டு, ஓவன் கதவைச் சாத்திப் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் நான்கு நிமிடத்துக்கு மேலேயே ஆயிருக்கும். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. பசியோடு காத்துக்கொண்டிருந்தோம்.